எங்கள் படிக்கட்டைப் பார்க்க வந்தவர்கள்

என் கடைக்கு இப்போது இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். நகல் எடுக்க வருகிறவர்கள் ஒரு வகை. கையில் தாளும் முகத்தில் அவசரமுமாக வருவார்கள். "ரெண்டு பக்கமும் வேணும்க்கா" என்பார்கள். எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இன்னொரு வகை சும்மா வந்து நிற்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, மிஷினுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மரப்படிக்கட்டையே பார்க்கும். பார்த்து முடித்ததும் "ஆஹா" என்று மெல்லச் சொல்லும். அந்த ஆஹா காதில் விழுந்தால் எனக்கு உச்சந்தலை வரை எரியும்.

ஆஹா சொல்ல அதில் என்ன இருக்கிறது? ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. செங்குத்தாகப் போகும். நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கும். மேலே திரும்புகிற இடத்தில் ஒரு உத்தரம் தலையை இடிக்கக் காத்துக்கொண்டிருக்கும். கல்யாணமாகி வந்த அன்றே அது என் நெற்றியை வீங்க வைத்தது. கடை கீழே, வீடு மேலே. சமையல், குளியல், தூக்கம் எல்லாம் மேலே. இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்தப் படி ஒன்றுதான். வாழ்ந்து பார்த்தவர்கள் யாரும் அதைப் பார்த்து ஆஹா சொல்லமாட்டார்கள். ஐயோ என்றுதான் சொல்வார்கள்.

அதை அருங்காட்சி ஆக்கியவன் என் தம்பி.

அவனுக்கு வீட்டுப் பெயர் கோடு. சின்ன வயதில் கரித்துண்டு கிடைத்தால் போதும், சுவர் முழுக்கக் கோடு இழுப்பான். அப்பா முதுகில் நாலு சாத்துவார். மறுநாள் அடுத்த சுவர். அதே கோட்டுக்கு ஆட்கள் வீடு தேடி வந்து கைகட்டி நிற்கத் தொடங்கியதும், "என் பையன் ஆர்க்கிடெக்ட்" என்று அப்பா போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இந்த நகரத்தில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவர். மின்சாரம் போய் நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், வெளியே நின்றபடியே, "இதோ இதோ, இன்னும் கொஞ்சம்" என்று பேச்சுக் கொடுத்தே வெளியே கொண்டுவருவார். அப்படிப்பட்டவரைத்தான் பக்கவாதம் மேல்மாடியில் படுக்கப் போட்டது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு பாதி போனது. சொல்லின் தலை வரும், வால் வராது. 'தண்' என்றால் தண்ணீர். 'ஜன்' என்றால் ஜன்னலைத் திற. 'போ' என்றால் போர்வையா, போதுமா, என்னையே போகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்ச நாளில் எனக்கு அந்த வாலறுந்த மொழி நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

அவருக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கீழே வரவேண்டும். தெருவைப் பார்க்கவேண்டும், கடையில் உட்கார வேண்டும், நாலு பேர் 'என்ன அண்ணே' என்று கேட்க வேண்டும். அந்தப் படியில் அவரை நடத்தி இறக்குவது ஆகாத காரியம். நானும் கொத்தனாரும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். மரப்படியை எடுத்துவிடுவது. அது சாய்ந்திருக்கும் சுவரை உடைப்பது. சுவருக்குப் பின்னால் தாள் கட்டுகள் அடுக்கும் ஒரு பொந்து இருக்கிறது. குனிந்துதான் நுழைய முடியும். அதையும் சேர்த்தால் ஒரு கட்டில் போடலாம், ஒரு கழிப்பறை வைக்கலாம், சந்துப் பக்கம் சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு கதவு வைக்கலாம். நான் மேலே போய்வர வெளியே ஒரு இரும்புப் படி இருந்தால் போதும். இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது! இடது கையாலேயே காற்றில் அளவு எடுக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கோடு கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, மியூசியத்துக்குக் கடைசியா எப்பப் போன?"

"பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்க. வரிசையில நிக்கச் சொன்னாங்க. எதையும் தொடாதேன்னாங்க. ஒண்ணுக்குப் போகணும்னேன், அதுக்கும் வரிசையில நிக்கச் சொன்னாங்க."

"அதான்! அதேதான் அக்கா!" என்று தொடையில் தட்டிக்கொண்டான்.

நகராட்சி ஒரு அருங்காட்சியகம் கட்ட நினைத்ததாம். பெரிய மைதானத்தில் கண்ணாடிக் கட்டடம். இவன் போட்டியில் கலந்துகொண்டு, கட்டடமே வேண்டாம் என்று எழுதியிருக்கிறான். ஜெயித்தும் விட்டான். பஸ் நிறுத்தத்திலிருந்து மார்க்கெட் வாசல் வரை எங்கள் தெருதான் அருங்காட்சியகம். கதவு கிடையாது, டிக்கெட் கிடையாது, காவல்காரர் கிடையாது. காய்கறி வாங்கப் போகிறவள் ஒரு அருங்காட்சியகத்தைக் கடந்து போவாள், அவளுக்கே தெரியாது. பஸ் நிறுத்தத்தின் சுவரில் முழங்கை உயரத்தில் மாடங்கள். அதில் பழைய எடைக்கற்கள், பூட்டுகள், பள்ளிச் சிலேட்டுகள். பஸ் வரும்வரை யாரும் எடுத்து உருட்டிப் பார்க்கலாம். இடித்த வீடுகளின் கதவுகளை வைத்து பெஞ்சுகள். ஒவ்வொரு கடையின் ஷட்டரிலும், அந்த இடத்தில் முன்பு என்ன கடை இருந்தது, யார் நடத்தினார்கள் என்று எழுதிவைப்பது. ஷட்டரை இறக்கினால்தான் அது தெரியும். "கடை மூடினா கதை திறக்கும்" என்று அவனே சொல்லி அவனே ரசித்தான்.

சும்மா வாயால் சொல்லவில்லை. பல வாரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தெருவை வரைந்தான். நிற்கிறவன் எந்தக் காலில் நிற்கிறான், பையை எங்கே இறக்குகிறாள், வெயிலில் எந்த ஓரம் நடக்கிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கோடு. "எங்க சாயறாங்களோ அங்கதான் அக்கா மாடம் வைக்கணும். நாம வைக்கிற இடத்துல அவங்க சாய மாட்டாங்க" என்றான். கேட்க இனிமையாக இருந்தது. படித்த பிள்ளை நம்மைப் போன்றவர்களின் முழங்கையை இவ்வளவு மதிக்கிறானே என்று நெஞ்சு குளிர்ந்தது.

ஒருநாள் எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்றான். அங்கிருந்தே என் கடையைப் பார்த்தான். திரும்பி வந்து படிக்கட்டின் கைப்பிடியைத் தடவினான்.

"இதுதான் அக்கா நடு. ரோட்ல இருந்து பாத்தா மிஷின் தெரியுது, நீ தெரியற, உனக்குப் பின்னால படி ஏறி வீட்டுக்குள்ள போகுது. கடையும் வீடும் ஒண்ணா இருக்கிற இடம் இந்த ஊர்ல இனிமே எங்க இருக்கு?"

"இங்கயும் இருக்கப் போறதில்ல" என்று சொல்லி, அறை கட்டப்போகிற விஷயத்தைச் சொன்னேன். அவன் கை படியைத் தடவிக்கொண்டே இருந்தது.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் அக்கா. திறப்பு விழா முடியட்டும். மாமாவை நான் பாத்துக்க மாட்டேனா?"

எங்கள் வீட்டில் கோடு பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டால் அந்த விஷயம் முடிந்தது என்று அர்த்தம். அம்மாவின் கண் ஆபரேஷனை அவன்தான் பார்த்துக்கொண்டான். அப்பாவின் கடைசி நாட்களையும் அவன்தான். அதனால் நான் மறுபேச்சுப் பேசவில்லை. கொத்தனாரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

பிறகு ஒரு பெரிய வரைபடம் கொண்டுவந்தான். வண்ணம் போட்டது. நடுநாயகமாக என் கடை. மிஷினுக்குப் பின்னால் நான்கூட இருந்தேன், இடுப்புச் சதை இல்லாமல். "பாத்துட்டு ஓரத்துல ஒரு கையெழுத்துப் போடு அக்கா, எல்லாக் கடைக்காரங்களும் போட்டாச்சு" என்றான். கடையிலேயே துண்டு துண்டாக நகல் எடுத்து ஒட்டி, எனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டேன். அசலை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன், அவருக்குக் காட்ட.

அவர் மடியில் விரித்தேன். லிஃப்ட் வேலையில் வாழ்நாளெல்லாம் வரைபடம் பார்த்த மனிதர். வெகுநேரம் பார்த்தார். இடது கை விரல் மெல்ல நகர்ந்து வந்து எங்கள் படிக்கட்டின் மேல் நின்றது.

"படி" என்றார்.

"ஆமாங்க, நம்ம படிதான்."

"படி!"

"அதே படிதாங்க. எவ்வளவு அழகா போட்டிருக்கான் பாருங்க. இனிமே உங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல. கீழயே ரூம் வந்துடும்."

அவர் கண் என்னை உறுத்துப் பார்த்தது. கையை ஓங்கித் தாளில் அடித்தார். மூலை கசங்கியது. "படி! படி!" என்று வாயோரம் எச்சில் வழிந்தது. நான் வரைபடம் கிழிந்துவிடுமே என்று பதறிச் சுருட்டிக்கொண்டேன்.

"படி மேல உங்களுக்கு இருக்கிற கோவம் எனக்குத் தெரியாதா? கொஞ்சம் பொறுங்க" என்று சிரித்தபடி வாயைத் துடைத்துவிட்டு, கீழே வந்து கையெழுத்துப் போட்டேன்.

திறப்பு விழா ஜோராக நடந்தது. ரிப்பன் வெட்டக் கதவில்லாததால் பெரிய மனிதர்கள் கொஞ்சம் திண்டாடினார்கள். கடைசியில் பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் சேர்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தம்பி செய்த வேலையை நான் குறை சொல்லமாட்டேன். அவன் வைத்த இடத்தில்தான் எல்லோரும் சாய்ந்தார்கள். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் கதவு பெஞ்சில் தினமும் மத்தியானம் குறட்டை விட்டார். பூட்டு மாடத்தில் பெண்கள் வீட்டுச் சாவியைப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். ஊரே அதற்குள் புகுந்து புறப்பட்டது. எங்களைத் தவிர எல்லோருக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

விழாவின் சந்தடி அடங்கியதும் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் சுத்தியலை எடுத்துச் சுவரில் ஒரு போடு போட்டிருப்பார், காரை உதிர்ந்திருக்கும், அதற்குள் ஒரு பெண் ஓடிவந்தாள். சின்னப் பெண். கழுத்தில் அட்டை. அருங்காட்சியகக் காப்பாளராம்.

"தொடாதீங்க, ப்ளீஸ்!"

"என் வீட்டுச் சுவரும்மா."

"தெரியும் மேடம். ஆனா படியும் சுவரும் பாதுகாப்புல இருக்கு. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவள் கையிலிருந்த போன் திரையில் அதே வரைபடம். விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். எங்கள் படிக்குள்ளும் சுவருக்குள்ளும் சாம்பல் நிறம் அடித்து, எறும்பு ஊர்வதுபோல எழுத்து இருந்தது. 'உள்ளது உள்ளபடி. எவ்வித மாற்றமும் கூடாது.' கொத்தனார் சுத்தியலைப் பைக்குள் வைத்தார். அவரும் எத்தனை முறைதான் வந்து வந்து போவார்.

கோட்டுக்குப் போன் போட்டேன். உடனே வந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும், கூப்பிட்டால் வருவான்.

"பாத்துக்கறேன்னு சொன்னியேடா."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் அக்கா. மியூசியம் கமிட்டில பேசிக்கிட்டிருக்கேன்."

"நீ பாக்கற. ஊரே பாக்குது. பாத்துக்கிறது யாரு? ஒரு ரூம் கட்டினா உன் மியூசியம் இடிஞ்சிடுமா?"

"அந்தச் சுவர்தான் அக்கா படிக்கு முதுகு. அதை உடைச்சு, படியை எடுத்துட்டா, இது வெறும் ஜெராக்ஸ் கடை."

"ஜெராக்ஸ் கடைதானேடா!"

அவன் கண்ணைத் தாழ்த்தினான். ஊர்க்கோடியில் லிஃப்ட் வைத்த குடியிருப்பு ஒன்று இருக்கிறது, மாமாவுக்கு வசதியாக இருக்கும், கமிட்டியில் சொல்லி ஏற்பாடு செய்கிறேன் என்றான்.

"கடை?"

"கடைக்கு நாங்க ஆள் போடறோம் அக்கா. உன்னை மாதிரியே ஒருத்தங்க."

"நகல் கடையில எனக்கே நகலா?"

அவன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

மாடிக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். நான் ஒட்டிவைத்த நகல் அங்கே சுருட்டிக் கிடந்தது. விரித்தேன். அவர் விரல் படிக்கட்டுக்குப் போனது. அங்கே நிற்கவில்லை. அந்த எறும்பு எழுத்தின் தொடக்கத்தில் விரலை வைத்து, இடமிருந்து வலமாக, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல. முடிவுக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"படி" என்றார், மெதுவாக.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் படிக்கட்டைச் சொல்லவே இல்லை. என்னைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்று, நாக்கைப் புரட்டிப் புரட்டி, எச்சில் வழிய, தாளை அடித்துச் சொல்லியிருக்கிறார். வாலறுந்த சொற்களுக்குப் பழகிப்போன எனக்கு, அவர் முழுசாகச் சொன்ன ஒரு சொல் புரியவில்லை. அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவர் என் தலையைத் தட்டிக்கொடுத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் மேலே வந்து படியைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சர் அதில் திரும்பாது. நாற்காலியில் உட்காரவைத்து, போர்வையால் மார்பைக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்து இறக்கினார்கள். விடுமுறை நாள். கீழே கடை வாசல் முழுக்கக் கூட்டம். நான் மருந்துப் பையுடன் பின்னால் வந்தேன். திருப்பத்தில் உத்தரம் அவர் தலையில் இடித்தது. அவர் இடது கையால் கைப்பிடியை மட்டும் விடாமல் பற்றியிருந்தார். முன்னால் இருந்தவர் ஒவ்வொரு அடியாக, பின்பக்கமாகக் காலால் துழாவித் துழாவி இறங்கினார். ஒரு தரம் வழுக்கியது. கூட்டம் "ஓ" என்றது. நாற்காலி தரையைத் தொட்டதும் கைதட்டினார்கள்.

ஆமாம், கைதட்டினார்கள். கெட்ட எண்ணத்தில் தட்டியிருக்கமாட்டார்கள் என்று பிறகு பலர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் குழந்தையைக் கையில் பிடித்திருந்த ஒருத்தி காப்பாளர் பெண்ணிடம், "இது தினமும் உண்டா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

"உண்டு! நாளைக்கு உங்க அப்பாவைக் கொண்டு வாங்க, ஏத்தி இறக்கிக் காட்டறோம்!" என்று கத்தினேன். அவள் பயந்துபோய்க் குழந்தையை இழுத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இல்லை, இன்றுவரை இல்லை.

பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மறுபடி நாற்காலியில் கட்டி மேலே தூக்கப் போனார்கள். அவர் கடைக்குள் வந்ததும் மேசைக்காலை இடது கையால் பிடித்துக்கொண்டார். பிரிக்க முடியவில்லை. நல்ல பக்கத்தின் பலமெல்லாம் அந்தக் கையில் இருந்தது. "கீ" என்றார். "கீ, கீ." கீழே. அதற்கு வால் தேவைப்படவில்லை.

சரி என்று கீழேயே வைத்துக்கொண்டேன். மிஷினுக்குப் பின்னால், படிக்கட்டுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி ஒரு மெத்தை. ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று, அதன் அடியில் பக்கெட். இதையெல்லாம் தெருப் பார்க்க வைத்துக்கொள்ள முடியுமா? கயிறு கட்டி ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டேன். மறுநாளே காப்பாளர் பெண் வந்தாள்.

"மேடம், எனக்குப் புரியுது. ஆனா திரை படியை மறைக்குது."

"என் புருஷனை மறைக்குதும்மா."

அவள் நகத்தைக் கடித்தாள். "நான் பாக்கலைன்னு வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண்ணுக்கு இருந்த ஈரம்கூட மற்றவர்களுக்கு இல்லை.

நான் மேலே சமைத்துக் கீழே கொண்டுவந்தேன். மேலே வெந்நீர் வைத்துக் கீழே கொண்டுவந்தேன். கீழே நிறைந்ததை மேலே கொண்டுபோய்க் கொட்டினேன். என் முழங்கால் ராத்திரியெல்லாம் முனகியது. ஆனாலும் அவர் முகத்தில் தெளிச்சி வந்தது. திரையை ஓரமாக விலக்கித் தெருவைப் பார்ப்பார். பழைய ஆட்கள் "என்ன அண்ணே" என்று நின்று பேசுவார்கள். அறை மட்டும் வந்துவிட்டால் போதும் என்று தினமும் நினைத்தேன்.

ஒருநாள் காலையில் கோடு போன் செய்தான். குரலில் பதற்றம்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் அந்தத் திரையை எடுத்துடு. வெளியூர்ல இருந்து நடுவர்கள் வர்றாங்க. பெரிய விருது. எனக்கு இது வாழ்க்கையில ஒரு தடவதான் வரும்."

"மாமாவை எங்கடா வைக்கட்டும்?"

"நீங்க எப்பவும் போல இருங்க" என்றான்.

எப்போதும் போலத்தான் இருந்தேன். திரையை எடுக்கவில்லை. அவர்கள் வந்தபோது, திரைக்குள் அவரை உட்காரவைத்து உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே கோட்டின் குரல் கேட்டது. நல்ல குரல் அவனுக்கு.

"நம்ம நகரத்துல எல்லாத்தையும் கட்டடத்துக்குள்ள பூட்டி வைக்கிறோம். இங்க கதவு கிடையாது. இங்க எதுவும் மறைக்கப்படல. நடக்கிறது எல்லாம் நிஜம்."

என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பிக் கேட்டார். நான் முதுகுக்குத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன், தடுக்க நேரமில்லை. இடது கை எட்டி விரிப்பைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தது. கயிறு அறுந்து எல்லாம் கீழே விழுந்தது. இடுப்பில் ஈரத்துண்டு மட்டும் கட்டிய மனிதர். எலும்பு தெரியும் மார்பு. செத்துத் தொங்கும் வலது கை. மூடி இல்லாத பக்கெட். அவர் மூடிக்கொள்ள முயலவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து அவர்களைப் பார்த்தார்.

யாரும் படம் எடுக்கப் போனைத் தூக்கவில்லை. ஒரு நடுவர் தரையைப் பார்த்தார். இன்னொருவர் திடீரென்று என் மிஷினைக் கவனிக்கத் தொடங்கினார். பின்னால் கம்பீரமாக நின்ற படிக்கட்டை ஒருவரும் பார்க்கவில்லை.

கோடு ஓடிவந்தான். விரிப்பை அள்ளி, கட்டக் கயிறு இல்லாமல், இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்தான். கதவே வேண்டாம் என்று சொன்னவன், எங்களைப் பார்த்துக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணி உலர்த்தும் கொடிக்கம்பம் மாதிரி நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, நான் பார்த்தேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. இதோ இப்போது சொல்லிவிடுவான், உடைச்சிடு அக்கா, எவன் கேட்டாலும் நான் பதில் சொல்றேன் என்று சொல்லிவிடுவான் என்று அவன் வாயையே பார்த்தேன்.

அவன் வெளியே கேட்காதபடி குனிந்து சொன்னான். "அக்கா, சீக்கிரம் சட்டையைப் போட்டு விடு. அவங்க நிக்கிறாங்க."

போட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது? ஈர உடம்பில் சட்டை ஏறவில்லை. இழுத்து இழுத்துப் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

விருது கிடைத்தது. வாழ்க்கையை ஒளிக்காத அருங்காட்சியகம் என்று நடுவர்கள் பாராட்டியிருந்தார்களாம். செய்தி வந்த அன்று மாலையே கோடு இனிப்போடு வந்தான். நான் வாங்கி மேசைமேல் வைத்தேன், பிரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். கையில் பித்தளைத் தகடு, விருதின் பெயர் பொறித்தது. கூடவே காப்பாளர் பெண், தலையைக் குனிந்தபடி. எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். நடுவில்தானே மாட்ட வேண்டும், ஆர்க்கிடெக்ட் சார் சொல்லியிருக்கிறார் என்றார்கள்.

நான் ஆணிகூட அடிக்கக் கூடாத அந்தச் சுவரில், ட்ரில் வைத்து நாலு மூலைக்கும் துளை போட்டார்கள். சுவர் வெகு சுலபமாக உதிர்ந்தது. அவர் அதற்கு அடியில்தான் படுத்திருந்தார். காரைத் தூள் அவர் கண் இமையிலும் வாயிலும் விழுந்தது. கொஞ்சம் நிறுத்துங்கப்பா என்று சொல்லிவிட்டு, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன். துடைத்து முடிக்கும்வரை அவர்கள் பொறுமையாக நின்றார்கள். பிறகு மற்ற துளைகளையும் போட்டார்கள்.